குளத்து நீரிற் பச்சைப் படலம்: மைக்ரோசிஸ்டிசை இனங்காணும் முறை

குளங்களிலும் நீர்த்தேக்கங்களிலும் சில காலங்களில் நீரின் மேற் பச்சை வர்ணம் பூசினாற்போல ஒரு படலம் தோன்றுவதைக் கமக்காரர் பலரும் கண்டிருப்பர். "பாசி பிடித்துவிட்டது" என்று சொல்லி, அதனைக் கையால் ஒதுக்கிவிட்டு நீர் மொள்ளுவதும், மாட்டை இறக்கிக் குளிப்பாட்டுவதும் வழக்கமாக இருந்து வருகின்றன. நீரிற் பச்சையாகக் காணப்படுவன யாவற்றையும் பாசி என்னும் ஒரே பெயரால் வழங்குவதனால் நேரும் தவறு இது. அவற்றுட் பெரும்பாலானவை தீங்கற்றவை. சில வயலுக்கு உரமாகத் தக்கவை. ஒருசில மட்டும் மாட்டையும் மனிதரையும் நோயுறச் செய்யும் நஞ்சை உடையவை. அந்த ஒருசிலவற்றுள் நம் நாட்டு நீர்நிலைகளில் அடிக்கடி காணப்படுவது மைக்ரோசிஸ்டிஸ் ஆகும். அதனை ஏனையவற்றிலிருந்து பிரித்தறியும் வழியை ஊவாவின் நெற்செய்கையாளருக்கும் மரக்கறிச் செய்கையாளருக்கும் எடுத்துரைப்பதே இத்துண்டுப் பிரசுரத்தின் நோக்கம்.

அஃது எத்தகையது?

மைக்ரோசிஸ்டிஸ் உண்மையில் ஒரு தாவரமன்று. பழைய பள்ளிப் புத்தகங்களில் நீலப்பச்சை அல்கா என்று எழுதப்பட்டு வந்த கூட்டத்தைச் சேர்ந்தது. இன்றைய விஞ்ஞானிகள் இக்கூட்டத்தைப் பற்றீரியாக்களோடு சேர்த்து, சயனோபற்றீரியா என்பர். ஆயினும் பச்சிலையைப் போலவே சூரிய ஒளியைக் கொண்டு தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ளும்.

அதன் கலம் ஒவ்வொன்றும் உருண்டையானது, மிக நுண்ணியது. ஒரு மில்லிமீற்றர் நீளத்தில் ஏறக்குறைய 200 கலங்களை வரிசையாக வைக்கலாம். தனிக் கலத்தைக் கண்ணாற் காண இயலாது. ஆனால் இக்கலங்கள் தனித்து வாழ்வதில்லை. நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் ஒரு வழுவழுப்பான பசையினுட் பொதிந்து, கூட்டங் கூட்டமாக வாழ்கின்றன. ஒரு கூட்டம் குண்டூசித் தலையின் அளவுக்கும் வளரக்கூடும். கண்ணுக்குப் புலப்படுவது இக்கூட்டமே.

கலத்தினுள்ளே வாயு நிறைந்த நுண்ணிய குமிழ்கள் பல உண்டு. மீனுக்கு அதன் காற்றுப்பை எவ்வாறோ, இதற்கு இக்குமிழ்கள் அவ்வாறு. பகலில் உணவு சேர்ந்து பாரமேறும்போது கூட்டம் சற்றே கீழிறங்கும். இரவில் அவ்வுணவு செலவாகிப் பாரம் குறையவே மேலெழும். ஆதலால் காற்றில்லாத இரவின் பின், விடியற்காலையில், படலம் மிகத் தடித்துக் காணப்படும். வெயிலேறிக் காற்று வீசத் தொடங்கியதும் அது கலைந்து, காற்றடிக்கும் திசையிலுள்ள கரையில் ஒதுங்கிவிடும். பிற்பகலிற் குளத்தைப் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று சொல்லுவோர் பலர். குளத்தைப் பார்க்கவேண்டிய வேளை அதிகாலையாகும்.

நம் நாட்டில் இது புதியதன்று

1991ஆம் ஆண்டிற் கொத்மலை நீர்த்தேக்கத்தில் மைக்ரோசிஸ்டிஸ் பெருகிப் பரவியது. 1999ஆம் ஆண்டு மே மாதத்திற் கண்டி வாவி முழுவதும் பச்சைக் குழம்பாகத் தோன்றியபோதும், ஆராய்ந்தவர்கள் கண்டது இதே மைக்ரோசிஸ்டிசையேயாகும்.

"இது வெப்பமான தாழ்நிலத்துக் குளங்களின் தொல்லை; குளிர்ந்த மலைநாட்டுக்கு வராது" என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. வெப்பமான நீரிலேயே இது நன்கு பெருகும் என்பது மெய். ஆயினும் கொத்மலை நீர்த்தேக்கத்தின் நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 700 மீற்றர் உயரத்தில் உள்ளது. பதுளை நகரத்தின் உயரமும் ஏறக்குறைய அவ்வளவே. மலை நம்மைக் காக்கும் என்று இருத்தலாகாது. மகியங்கனைப் பக்கத்துக் குளங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

நஞ்சைப் பற்றிய செய்தியும் பழையதே. 1878ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் அலெக்சாந்திரினா ஏரியில் இத்தகைய படலம் கலந்த நீரைக் குடித்த மாடுகளும் ஆடுகளும் மாண்டதை ஜோர்ஜ் பிரான்சிஸ் என்பவர் எழுதி வெளியிட்டார். அங்கே பெருகியிருந்தது மைக்ரோசிஸ்டிசின் உறவினமான நொடுலாரியா. மைக்ரோசிஸ்டிஸ் உண்டாக்கும் நஞ்சுக்கு மைக்ரோசிஸ்டின் என்று பெயர். அது ஈரலைத் தாக்குவது. குடிநீரில் இந்நஞ்சின் ஒரு வகை, நெடுநாட் பாவனைக்கு, ஒரு லீற்றருக்கு 1 மைக்குரோகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. ஒரு கிராமைப் பத்து இலட்சம் பங்காக்கினால் வரும் ஒரு பங்கே ஒரு மைக்குரோகிராம்.

மைக்ரோசிஸ்டிசிலும் நஞ்சுள்ளவை, நஞ்சற்றவை என்று இரண்டும் உண்டு. ஆனால் அவ்வேறுபாட்டைக் கண்ணாலோ நுணுக்குக்காட்டியாலோ அறிய முடியாது. ஆதலால் மைக்ரோசிஸ்டிஸ் என்று கண்டால், நஞ்சுள்ளதென்றே கொண்டு நடத்தல் வேண்டும்.

கிராந்துருகோட்டைப் பக்கத்தில் வழங்கும் சிறுநீரக நோயோடு இதனைச் சேர்த்துப் பேசுவோர் உளர். அந்நோயின் காரணம் இன்னும் முடிவாக நிறுவப்படவில்லை. மைக்ரோசிஸ்டின் முதன்மையாகத் தாக்குவது ஈரலையே. ஆதலால் பழியை அவசரப்பட்டு இதன்மேற் போடுவது தகாது.

பாசிகளுக்குள் நண்பர்கள்

இனங்காணும் முறையைச் சொல்லுமுன் ஓர் எச்சரிக்கை அவசியமாகின்றது. நீலப்பச்சைப் பாசி என்றாலே பகை என்று நெற்செய்கையாளர் கருதிவிடக்கூடாது. நெல்வயலில் நிற்கும் நீரில் வாழும் நீலப்பச்சைப் பாசிகள் சில, காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்து மண்ணுக்குக் கொடுப்பனவாம். இதனை இந்திய விஞ்ஞானியான பி. கே. டே 1939ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டினார். வயலிற் கூழ்க்கட்டி போலக் காணப்படும் நொஸ்டொக், அசோல்லாச் செடியின் இலைக்குள்ளே குடியிருக்கும் அனபீனா ஆகியவை இவ்வகையின. இவற்றை அழிப்பது, இலவசமாகக் கிடைக்கும் உரத்தை அழிப்பதாகும். மைக்ரோசிஸ்டிசுக்கோ காற்றின் நைதரசனைப் பிடிக்கும் ஆற்றல் இல்லை. அது நீரிற் கரைந்து வந்ததைத் தின்று வளர்வது.

இனங்காணும் முறை

முதலிற் கரையில் நின்று பார்க்க வேண்டும். சிற்றிலைகளும் அவற்றின் கீழே மெல்லிய வேர்களும் கண்ணுக்குத் தெரிந்தால் அஃது அசோல்லாவோ வேறு மிதக்கும் நீர்ச்செடியோ ஆகும். அசோல்லா கடும் வெயிலிற் செந்நிறமாக மாறுவதும் உண்டு. அதற்காக அஞ்ச வேண்டியதில்லை. வயலின் மூலையில் எண்ணெய் மிதப்பது போல மினுங்கும் செந்நிற ஏடு வேறொன்று. அது மண்ணிலுள்ள இரும்பினால் உண்டாவது. குச்சியாற் குத்தினால் கண்ணாடி உடைந்தாற்போலத் துண்டு துண்டாகப் பிரியும். நீர் வடிப்புக் குறைந்த வயல் என்பதற்கு அது அடையாளம், நஞ்சன்று.

அடுத்துக் குச்சிப் பரீட்சை. நீளமான ஒரு கம்பை நீரில் அமிழ்த்தி, சுழற்றி மேலே தூக்குக. நூல் நூலாகவும் சடை சடையாகவும் கம்பிற் தொங்குமாயின் அது நூற்பாசி. மீன் குஞ்சு ஒதுங்கும் இடம். தொங்காமல், வர்ணவாளியில் தோய்த்தெடுத்ததுபோலக் கம்பின்மேற் பச்சையாகப் பூசிக்கொண்டு வழியுமாயின் ஐயப்பட வேண்டும்.

மூன்றாவது போத்தற் பரீட்சை. இதுவே கமக்காரருக்கு மிகவும் பயன்படுவது என்பது எம் கருத்து. செலவில்லை. கையில் ஒரு பொலித்தீன் பையை உறையாக மாட்டிக்கொண்டு, வெண்ணிறக் கண்ணாடிப் போத்தல் ஒன்றில் முக்காற் பங்கு குளத்து நீரை, மேற்பரப்புப் படலத்தோடு எடுக்க வேண்டும். மூடியை இட்டு, துணியாற் சுற்றி, ஒளிபடாத மூலையில் ஓரிரவு அசையாது வைத்துவிடுக. துணியாற் சுற்றுவதற்குக் காரணம் உண்டு. யூக்கிளீனா என்னும் வேறோர் உயிர் ஒளியை நாடி நீந்தி மேலே வந்து நம்மை ஏமாற்றக்கூடும். மறுநாட் காலையில் மெல்லத் துணியை அகற்றிப் பார்க்கவும். பச்சை முழுவதும் அடியிற் படிந்திருந்தால் அது பெரும்பாலும் சாதாரணப் பச்சைப் பாசியே. பச்சை முழுவதும் மேலே விளிம்பைச் சுற்றி ஒரு வளையமாகத் திரண்டு, கீழே நீர் தெளிந்து நின்றால், அது வாயுக் குமிழுடைய நீலப்பச்சைப் பாசியென்று கொள்ளத்தகும். வளையத்தை உற்று நோக்கினால், ரவையைப் பச்சைச் சாயத்திலிட்டுத் தூவினாற்போலத் தனித்தனி மணிகள் தெரியும். இம்மணிகள் மைக்ரோசிஸ்டிசுக்கு உரிய அடையாளங்களுள் முதன்மையானவை.

நிறமும் மணமும் துணைச் சான்றுகள். கரையில் ஒதுங்கிக் காயும் படலம் ஓரத்தில் வெளிர் நீலமாகவோ மயில் நீலமாகவோ மாறும். கலம் சாகும்போது அதனுள்ளிருந்த நீலச் சாயம் வெளிப்படுவதே காரணம். இவ்வினத்துக்கு மைக்ரோசிஸ்டிஸ் ஏருஜினோசா என்பது முழுப்பெயர். ஏருஜினோசா என்ற இலத்தீன் சொல், செம்புப் பாத்திரத்தில் ஏறும் களிம்பின் நிறத்தைக் குறிப்பது. புளியிட்டுத் துலக்காத செம்புக் குடத்தைப் பார்த்தவர்களுக்கு இந்நிறத்தைப் பற்றி மேலும் விளக்க வேண்டியதில்லை. புதிய படலம் வெட்டிய புல்லின் மணமுடையது. அழுகத் தொடங்கினாற் பன்றிக் கொட்டிலின் நாற்றம் வீசும். இப்பரீட்சைகளில் எதற்கும் நீரை வாயிலிட்டுச் சுவை பார்த்தல் கூடாது.

போத்தற் பரீட்சையில் மேலே மிதப்பன யாவும் மைக்ரோசிஸ்டிஸ் அல்ல. குளங்களில் வாழும் அனபீனா இனத்தின் உறவினங்கள் சிலவும் அவ்வாறே மிதக்கும். அவற்றுள்ளும் நஞ்சுள்ளவை உண்டு. இவற்றைப் பிரித்தறிய நுணுக்குக்காட்டி வேண்டும். கிட்டிய பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியரிடம் போத்தலைக் கொண்டு சென்றால், மாணவர் பயன்படுத்தும் நுணுக்குக்காட்டியே போதும். கலங்கள் மாலையிற் கோத்த மணிபோல வரிசையாக நின்றால் அஃது அனபீனாக் கூட்டத்தது. வரிசையின்றி, முகில் போன்ற ஒழுங்கற்ற வடிவில் உருண்டைக் கலங்கள் நெருங்கி நின்று, இடையிடையே துளைகளும் காணப்பட்டால் அது மைக்ரோசிஸ்டிஸ். கலத்தினுள் வாயுக் குமிழ்கள் கருமையாகவோ கபில நிறமாகவோ தோன்றும். கூட்டத்தைச் சுற்றியுள்ள பசை நிறமற்றது. ஒரு துளி இந்திய மையைச் சேர்த்தால், கரிய பின்னணியில் வெண்ணிற ஒளிவட்டமாக அது புலப்படும்.

ஆசிரியருக்கு விருப்பமிருந்தால் மாணவருக்கு இன்னொன்றும் செய்து காட்டலாம். 1895ஆம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த கிளெபான் என்பவர் பாசிப் படலம் கலந்த நீரைப் போத்தலில் விளிம்புவரை நிரப்பி, தக்கையால் இறுக மூடி, தக்கையின்மேற் சுத்தியலால் ஓங்கி அடித்தார். அடியின் அமுக்கத்தால் வாயுக் குமிழ்கள் நொறுங்கவே, மிதந்து நின்ற பாசி அனைத்தும் அடியில் தாழ்ந்தது. பாசியை மிதக்கச் செய்தது வாயுவே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. போத்தல் உடையக்கூடுமாதலால் தடித்த சாக்குத் துணியாற் சுற்றியே செய்தல் வேண்டும்.

ஒன்றை மறத்தலாகாது. வறண்ட வலயக் குளங்களில் உள்ள நஞ்சுடைய இனங்களிற் சில, மேலே படலமாகத் திரளாமல் நீர் முழுவதும் கலந்து நிற்பவை. படலம் இல்லை என்பதனால் மட்டும் குளத்து நீர் குடிக்கத் தக்கதாகிவிடாது.

கண்டபின் செய்யத்தக்கன

மாட்டையும் ஆட்டையும் அக்கரையில் இறக்கக் கூடாது. நாயும் இறங்காமற் பார்த்துக்கொள்ளுதல் நன்று; நீந்திய நாய் தன் மயிரை நக்கும்போது நஞ்சு வயிற்றிற் சேரும். சிறுவரைக் குளிக்க விடலாகாது. நீரைக் குடிக்கவோ சமைக்கவோ எடுக்கக் கூடாது. காய்ச்சினால் நோய்க்கிருமி சாகும், இந்நஞ்சு அழியாது. கொதிநீரில் கலங்கள் வெடித்து நஞ்சு நீரிற் கலப்பதே மிச்சம்.

மரக்கறித் தோட்டத்துக்கு அந்நீரைப் பூவாளியாலோ தூவற் கருவியாலோ இலைமேற் தெளித்தல் ஆகாது. சலாதுக் கீரைக்கு இவ்வாறு மைக்ரோசிஸ்டிஸ் கலந்த நீரைத் தெளித்துப் பார்த்தபோது, கூட்டங்களும் நஞ்சும் இலையில் ஒட்டி நிற்கக் கண்டனர். பச்சையாக உண்ணும் இலைகளுக்கு இது பெருங்கேடு. வேறு நீர் கிடையாதவிடத்து, பம்பின் உறிஞ்சு குழாயை மேற்பரப்புக்கு நன்கு கீழே, படலம் ஒதுங்காத கரையில் அமைத்து, நீரைப் பாத்தியின் அடியிற் பாய்ச்சுக.

கமக்காரர் பலரிடத்தும் மயில்துத்தம் இருக்கும். உருளைக்கிழங்கிலும் தக்காளியிலும் வரும் வெளிறல் நோய்க்குப் போர்டோக் கலவை செய்ய வாங்கியதாக இருக்கலாம். அதை ஒரு பிடி குளத்தில் எறிந்தாற் பாசி செத்துவிடும் என்பது பலர் அறிந்த யுக்தி. பாசி சாகும், நஞ்சு சாகாது. உயிரோடிருக்கும்போது பெரும்பாலும் கலத்துக்குள் அடங்கியிருந்த நஞ்சு, கலம் சிதைந்தவுடன் நீர் முழுவதும் பரவும். 1979ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் பாம் தீவில் குடிநீர் அணை ஒன்றிற் பாசியை ஒழிக்க மயில்துத்தம் இட்டனர். சில நாட்களில் 148 பேர் நோயுற்றனர். அவர்களுட் பெரும்பாலோர் குழந்தைகள். அங்கிருந்த இனம் வேறாயினும் பாடம் ஒன்றே.

அது தின்னும் உணவு எங்கிருந்து வருகிறது?

1973ஆம் ஆண்டிற் கனடாவின் ஒன்றாரியோ மாகாணத்தில், 226 என்று எண்ணிடப்பட்ட ஏரியை நடுவே ஒரு திரையால் இரண்டாகப் பிரித்தனர். இரு பாதிக்கும் நைதரசனும் கரியும் இட்டனர். ஒரு பாதிக்கு மட்டும் பொசுபரசையும் சேர்த்தனர். பொசுபரசு இட்ட பாதி பச்சையாயிற்று. மற்றப் பாதி தெளிந்தே நின்றது. மேலே விமானத்திலிருந்து எடுத்த படத்தில் ஒரே ஏரி இரு நிறமாகத் தோன்றியது. பாசியின் பசிக்குப் பொசுபரசே திறவுகோல் என்பது இதனால் விளங்கும்.

முச்சுப்பர் பொசுபேற்று மூட்டை ஒன்றின் நிறை 50 கிலோகிராம். அதில் ஏறக்குறைய 10 கிலோகிராம் பொசுபரசு உண்டு. அதிற் பத்தில் ஒரு பங்கு, அதாவது 1 கிலோகிராம், மழையில் அள்ளுண்டு போவதாகக் கொள்வோம். நாலு ஏக்கர் பரப்பும் இரண்டு மீற்றர் ஆழமும் உள்ள குளத்தைப் பாசி பெருகும் நிலைக்குக் கொண்டுவர அது போதியது. 1 கிலோகிராம் பொசுபரசு, ஈரப் பாசியாகக் கணக்கிட்டால், 500 கிலோகிராம் வரையில் வளர்க்க வல்லது. கமக்காரர் காசு கொடுத்து வாங்கிய பசளை இவ்வாறு மைக்ரோசிஸ்டிசுக்கு விருந்தாகின்றது.

ஊவாவில் நீர் ஓடும் வழியை எண்ணிப் பார்த்தால் இதன் கருத்து நன்கு புலனாகும். வெலிமடை, ஊவா பரணகமைப் பக்கத்துச் சரிவுகளின் நீர் உமா ஓயாவிற் சேர்ந்து, ரந்தம்பை நீர்த்தேக்கத்தில் மகாவலியோடு கலக்கின்றது. அதற்குக் கீழேயுள்ள மினிப்பே அணைக்கட்டிலிருந்து வலக்கரைக் கால்வாய் அந்நீரை உல்ஹிட்டிய, ரத்கிந்தக் குளங்களுக்கும் கிராந்துருகோட்டைப் பக்கத்து வயல்களுக்கும் கொண்டு செல்கின்றது. 2024ஆம் ஆண்டு ஏப்ரலில் உமா ஓயாத் திட்டம் திறக்கப்பட்டதிலிருந்து புகுல்பொலை, டயரபா அணைகளின் நீரில் ஒரு பங்கு சுரங்கத்தின் வழியே வெல்லவாயப் பக்கம் போகின்றது. மேலே உருளைக்கிழங்குப் பாத்தியில் இட்டது, கீழே நெல்விளைவிப்பவனின் குளத்தை அடைகின்றது. இருவரும் ஒரே மாகாணத்துக் கமக்காரர். ஒருவரையொருவர் கண்டிருக்கவும் மாட்டார்கள். ரந்தம்பைத் தேக்கத்தைப் பெருமளவு தூர்த்துவிட்ட சேறும் இவ்வழியே வந்ததுதான். பொசுபரசு நைதரசனைப் போல எளிதிற் கரைந்தோடுவதன்று. மண்துகளைப் பற்றிக்கொண்டு மண்ணோடு மண்ணாகப் பயணஞ் செய்வது. ஆகவே மண்ணை நிறுத்தினாற் பொசுபரசும் நிற்கும்.

அமெரிக்காவில் 2014ஆம் ஆண்டு ஓகத்து மாதத்தில் ஈரி ஏரியில் மைக்ரோசிஸ்டிஸ் பெருகியதனால், டொலீடோ நகரத்துக் குழாய்நீரைக் குடிக்கவேண்டாம், காய்ச்சியும் குடிக்கவேண்டாம் என்று ஏறக்குறைய 4 இலட்சம் மக்களுக்கு அறிவித்தனர். அங்கும் பொசுபரசின் பெரும்பங்கு வந்தது மோமீ ஆற்றங்கரைச் சோளத்து வயல்களிலிருந்தும் சோயா வயல்களிலிருந்துமே.

மலைநாட்டு மரக்கறி நிலங்களில் ஆண்டாண்டாகப் பொசுபேற்றுப் பசளையும் கோழியெருவும் இட்டு வந்ததனால், மண்ணில் ஏற்கனவே பொசுபரசு மிகுந்து கிடக்கும் இடங்கள் பல. கோழியெருவில் பொசுபரசு நிறைய உண்டு என்பதைக் கணக்கிற் சேர்க்காமல், எருவும் இட்டுப் பசளையும் முழு அளவு இடுவது வீண் செலவாகும். பெரும்போகத்தில் நெல்லும் சிறுபோகத்தில் உருளைக்கிழங்கும் செய்கின்ற வெலிமடை வயல்களில், கிழங்குக்கு இட்டதன் மிச்சம் அடுத்த நெல்லுக்குக் கிடைக்கும். எவ்வளவு கிடைக்கும் என்பதை மண் பரிசோதனையே காட்டும். வயலின் பல இடங்களிலும் எடுத்த மண்ணைக் கலந்து, விவசாயப் போதனாசிரியர் மூலம் பரிசோதனைக்கு அனுப்புக. பொசுபரசு போதியளவு உண்டென்று விடை வந்தால், அந்தப் போகத்துக்கு அப்பசளையைக் குறைத்தோ நிறுத்தியோ விடலாம். விளைச்சல் குறையாது, கைக்காசு மிஞ்சும்.

ஐப்பசி மழை கொட்டத் தொடங்கும் வாரத்திற் பசளையை மேலே வீசிவிட்டுப் போகாமல், பாத்தியில் இட்டு மண்ணால் மூடுக. சரிவிற் சமவுயரக் கான்களும் கல்வரம்பும் அமைத்து, அவற்றின் குழிகளில் சேரும் மண்ணை வாரித் திரும்பப் பாத்தியிற் போடுக. ஓடைக்கரை வரை உழுதுவிடாமல், சில அடி அகலத்துக்குப் புல் நிற்க விடுக. தோட்டங்களின் பள்ளங்களில் லயத்தோர் மரக்கறி செய்யும் இடங்களில், நீர் மொள்ளத் தோண்டிய குழிக்கு அருகே எருக்குவியலை வைத்தலும் பசளைச் சாக்கைக் கழுவுதலும் ஆகா. தேங்கிய சிறுகுழியிலும் மைக்ரோசிஸ்டிஸ் வளரும்.

போத்தலில் பச்சை வளையம் மேலே கட்டி, ரவை மணிகளும் தெரியுமாயின், போத்தலை அலம்பிவிடாமல் அப்படியே மூடி, குளத்தின் பெயரும் திகதியும் எழுதி ஒட்டி, கமநல சேவை நிலையத்திலோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ அன்றைக்கே ஒப்படைக்க வேண்டும். குடிநீர் எடுக்கும் இடமாயின் நீர்வழங்கற் சபைக்கும் அறிவித்தல் வேண்டும். போத்தலைக் கொண்டு செல்லும்வரை குளிர்ந்த நிழலில் வைக்குக; வெயிலிற் கிடந்தால் கூட்டங்கள் சிதைந்து, பார்ப்பவருக்கு இனம் புலப்படாமற் போகும்.